வீட்டுச் சர்வரின் முகவரி யார் கையில் இருக்கிறது?

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அலுவலக நண்பர் ஒருவரோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் என்றால் அந்தத் தெருதான். வீட்டிலேயே சர்வராக ஓட்ட ஒரு பழைய மினி பிசி, அதற்கு ஒரு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான் வாங்க வேண்டியது. நான்கு கடை ஏறி இறங்கினோம். ராம் மெமரி எந்தக் கம்பெனி, டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, வாரன்டி எப்போது முடிகிறது என்று நண்பர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டரை மணி நேரம் ஆனது. அப்புறம் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே அந்தச் சர்வருக்கு முகவரியாக ஒரு டொமைன் பெயர் வாங்கினார். தேடலில் முதலில் வந்த விளம்பரம், முதல் வருடம் 99 ரூபாய். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மினி பிசி நாளைக்கே புகைந்தாலும் வேறொன்று கிடைக்கும். டிஸ்க் செத்தால் பேக்கப்பிலிருந்து எடுக்கலாம். இன்டர்நெட் இணைப்பை மாற்றலாம், வாடகை வீட்டையே மாற்றலாம். டொமைன் அப்படியில்லை. இம்மிச்சில் குழந்தையின் படங்கள், நெக்ஸ்ட்கிளவுடில் காப்பீட்டுப் பத்திரங்கள், வால்ட்வார்டனில் குடும்பத்தின் பாஸ்வேர்டுகள் என்று எல்லா ஆப்பும் அந்த ஒரு பெயரைத்தான் பிடித்துத் தொங்குகின்றன. அந்தப் பெயரில் மின்னஞ்சலும் வைத்துக்கொண்டால் வங்கியிலிருந்து வரும் கடிதம்வரை அதன் வழியாகத்தான் வரும். மொத்தச் செலவில் மிகச் சிறிய பில் அது. ஆனால் தொலைந்தால் கடையில் திரும்ப வாங்க முடியாத பொருளும் அதுதான். அதை வாங்கித் தரும் ரெஜிஸ்ட்ராரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். கேஸ் இணைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் நிரப்பும் கம்பெனி ஒன்று, நம் பெயரைப் புத்தகத்தில் வைத்திருக்கும் ஏஜென்சி இன்னொன்று. .காம் என்று முடியும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் மூலப் பேரேட்டை வைத்திருப்பது அமெரிக்காவின் வெரிசைன். .இன் பேரேடு நிக்ஸி என்கிற நம் நாட்டு அமைப்பிடம் இருக்கிறது. இவர்கள் ரெஜிஸ்ட்ரி. இவர்களிடம் நாம் நேராக வாங்க முடியாது. நடுவில் இருக்கும் ஏஜென்சிதான் ரெஜிஸ்ட்ரார். .காம் போன்ற பொது முடிவுகளை விற்க, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் அங்கீகாரம் வேண்டும், .இன் விற்க நிக்ஸியின் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் இல்லாமல் இன்னொரு ரெஜிஸ்ட்ராரின் பெயரில் விற்கும் மறுவிற்பனையாளர்களும் ஏராளம். நம் ஊரில் வெப்சைட் செய்து கொடுத்து டொமைனும் தருபவர்கள் பெரும்பாலும் இந்த வகை. யாரிடம் பணம் கட்டினோம் என்பதும் பேரேட்டில் எந்த ரெஜிஸ்ட்ரார் பெயர் இருக்கிறது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஐகானின் தேடல் பக்கத்தில் டொமைனைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பதிவு விவரம் தேடும் முறையாக முன்பு ஹூஇஸ் என்று இருந்ததன் இடத்தை 2025 ஜனவரியிலிருந்து ஆர்டிஏபி எடுத்துக்கொண்டது.

விலை

.காம் விலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கும் தொகை எல்லாருக்கும் ஒன்றுதான். பல வருடம் 7.85 டாலரில் நின்றிருந்தது. 2021இல் 8.39, 2022இல் 8.97, 2023இல் 9.59 என்று ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதன்மேல் ஐகானுக்கு இருபது சென்ட் போகும். ரூபாயில் சுமார் தொள்ளாயிரம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். அப்படியிருக்க ஒருவர் 99 ரூபாய்க்குத் தருகிறார் என்றால் மீதியை அவர் கையிலிருந்து போடுகிறார் என்று அர்த்தம். அதை இரண்டாம் வருடத்திலிருந்து எடுத்துக்கொள்வார். அதனால் நான் பார்ப்பது புதுப்பிப்பு விலையை மட்டும்தான். கார்ட்டில் தானாக டிக் ஆகியிருக்கும் எஸ்எஸ்எல், மின்னஞ்சல் பெட்டி, தனியுரிமைப் பாதுகாப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஐந்து வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்எல் என்பது இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் சர்டிஃபிகேட், அதை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. நம் பெயர், முகவரியை வெளியே காட்டாமல் மறைக்கும் தனியுரிமைச் சேவையைக் காசில்லாமல் தரும் ரெஜிஸ்ட்ரார்கள் நிறையப் பேர்.

அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேர் 2018இலிருந்து அடக்க விலைக்கே டொமைன் தருகிறது, ஒரு நிபந்தனையோடு. அதைக் கீழே சொல்கிறேன். வெறும் பரிசோதனைக்கு ஒரு பெயர் போதும் என்றால் .எக்ஸ்ஒய்இசட் முடிவில் ஆறு முதல் ஒன்பது இலக்க எண்களுக்கு ஏறத்தாழ ஒரு டாலர்தான், புதுப்பிப்பும் அதே விலை. ஆனால் அதில் மின்னஞ்சல் வைக்காதீர்கள். ஸ்பாம் வடிகட்டிகள் அந்த முடிவைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

புதுப்பிப்பு

இந்தியாவில் உட்கார்ந்து டொமைன் வாங்குகிறவருக்கு ஐம்பது ரூபாய் முன்னே பின்னே பெரிய விஷயமில்லை. அடுத்த வருடம் அந்தப் பணம் தானாகப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இந்தக் கேள்வியே இருக்காது, ஏனென்றால் அங்கே கார்டு எண்ணைக் கொடுத்தால் வருடா வருடம் கழிந்துகொண்டே இருக்கும்.

நம் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் விதியை மாற்றியது. கார்டிலிருந்து தொடர்ந்து கழியும் எந்தப் பணத்துக்கும் முதலில் ஒருமுறை ஓடிபியோடு இ-மேண்டேட், அதாவது முன் அனுமதி, பதிய வேண்டும். ஒவ்வொரு முறை கழிவதற்கும் 24 மணி நேரம் முன்னால் வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் அப்போதும் ஓடிபி வேண்டும் என்றிருந்தது. 2022 ஜூனில் அந்த வரம்பைப் பதினைந்தாயிரம் ஆக்கினார்கள். வாடிக்கையாளருக்கு நல்ல விதிதான், நமக்குத் தெரியாமல் கழிந்துகொண்டிருந்த எத்தனையோ சந்தாக்களை அது நிறுத்தியது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் ‘ஆட்டோ ரினியூ ஆன்’ என்று பச்சை நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும், அந்தத் தேதி வரும்போது வங்கி மறுத்துவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். ஒரு ஞாயிறு காலை கும்பகோணத்திலிருந்து அம்மா போன் செய்தார். அவர் போன் முகப்பில் குழந்தையின் ஆல்பத்துக்கு ஒரு லிங்க் போட்டுக் கொடுத்திருந்தேன்.

“டேய், பாப்பா போட்டோவைத் தொட்டா ஏதோ விளம்பரமா வருதுடா. நான் எதையும் மாத்தலை.”

“நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா, நான் பார்க்கிறேன்” என்றேன். ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில் அன்று காலைதான் கரண்ட் போய் வந்திருந்தது. அதனால் யுபிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ரௌட்டரை அணைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் டொமைனின் நேம்சர்வர் (பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் கணினி) எது என்று கேட்டுப் பார்க்கத் தோன்றியது. நான் கேள்வியே படாத இரண்டு பெயர்கள் வந்தன. காலாவதியான டொமைனை ரெஜிஸ்ட்ரார் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நினைவூட்டல் வரவில்லையா என்றால், வந்திருந்தது. ஐகான் விதிப்படி காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, காலாவதியான ஐந்து நாளுக்குள் ஒன்று என்று அனுப்பியே ஆக வேண்டும். முதல் இரண்டும் என் ஸ்பாம் பெட்டியில் கிடந்தன. மூன்றாவது எனக்கு வந்து சேரவே வழியில்லை. ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நான் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருந்தது. டொமைன் நின்றது, கூடவே அஞ்சலும் நின்றது. பாஸ்வேர்டை மறந்திருந்தால் ரீசெட் லிங்க்கூட வந்திருக்காது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது என்பது இதுதான். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு எப்போதும் வேறு இடத்து மின்னஞ்சலைக் கொடுங்கள், அதுவும் தினமும் திறந்து பார்க்கும் ஒன்றை.

ஒன்பது நாள் என்பதால் வழக்கமான விலைக்கே ஓடிபி போட்டுக் கட்டி மீட்டேன். .காம் போன்றவற்றில் காலாவதிக்குப் பிறகு பொதுவாக 45 நாள்வரை சலுகைக்காலம் கிடைக்கும். அது ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ராரிடம் மாறும், சிலர் குறைவாகத்தான் தருகிறார்கள். அது தாண்டினால் முப்பது நாள் மீட்புக்காலம், அப்போது புதுப்பிப்புக் கட்டணத்தோடு பல மடங்கு அபராதமும் சேரும். பிறகு ஐந்து நாள் யாரும் தொட முடியாது. ஆறாவது நாள் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த நிமிடத்துக்காகவே காத்திருந்து வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

இதற்கு நான் கண்ட வழி, தானாகப் புதுப்பிப்பதை நம்பாமல் மொத்தமாகக் கட்டிவிடுவது. .காம் என்றால் பத்து வருடம்வரை ஒரே தடவையில் கட்டலாம். ஐந்து வருடம் கட்டினால் சுமார் ஐந்தாயிரம் ரூபாய், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிஸ்க்கின் விலைதான். நடுவில் வெரிசைன் விலை ஏற்றினாலும் நமக்குப் பாதிப்பில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. கட்டிய வருடங்கள் மூலப் பேரேட்டில் ஏறிவிடும். நாளைக்கு ரெஜிஸ்ட்ரார் கடையை மூடினாலும் அந்தத் தேதி அழியாது. கட்டிய கையோடு ஆர்டிஏபியில் காலாவதித் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் மட்டும் ஏற்றுகிற மறுவிற்பனையாளரிடம் மாட்டியிருந்தால் அங்கேயே தெரியும். யுபிஐ வாங்கும் ரெஜிஸ்ட்ரார் என்றால் இன்னும் சுலபம், வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணமும் மிச்சம்.

டிஎன்எஸ் வேறு, ரெஜிஸ்ட்ரார் வேறு

வீட்டில் சர்வர் வைக்கிறவருக்கு இன்னொரு தேவை இருக்கிறது. வெப்சைட் மட்டும் வைத்திருப்பவருக்கு அது புரியாது. நேம்சர்வரில் இருக்கும் குறிப்புகளை, அதாவது டிஎன்எஸ் பதிவுகளை, நம் சர்வரே அடிக்கடி மாற்றியாக வேண்டும். அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, வீட்டு ஐபி, அதாவது இணையத்தில் நம் இணைப்பின் எண், நிலையாக இருக்காது. பெங்களூரில் பல வீட்டு இணைப்புகள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அதாவது பல வீடுகள் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. அப்போது ஐபிவி6 என்ற புதிய வகை எண் வழியாகவோ, டன்னல் என்ற சுற்றுப் பாதை வழியாகவோ, வயர்கார்டு என்ற விபிஎன் போட்ட ஒரு சின்ன விபிஎஸ் (வெளியில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்) வழியாகவோ வர வேண்டும். சிஜிநாட் இல்லாதவர்களுக்கும் ரௌட்டர் அணைந்து எழுந்தால் எண் மாறும். மாறிய எண்ணை டிஎன்எஸ்ஸில் தானாகப் போட ஏபிஐ, அதாவது மென்பொருள் நேராகக் கட்டளை அனுப்பும் வழி, வேண்டும்.

இரண்டாவது, சர்டிஃபிகேட். பொது வழியில் போர்ட் திறக்காமல் வீட்டுக்குள் மட்டும் இருக்கும் சர்வருக்கும் எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) வேண்டும் என்றால் டிஎன்எஸ்-01 முறைதான் வழி. டொமைன் நம்முடையது என்று காட்ட டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற ஒரு குறிப்புப் பதிவைப் போட்டுக் காட்டுகிறோம். 2018 மார்ச்சில் லெட்ஸ் என்கிரிப்ட், எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான வைல்ட்கார்டு சர்டிஃபிகேட் தர ஆரம்பித்ததிலிருந்து அதற்கும் இந்த முறைதான். அந்தச் சர்டிஃபிகேட்டுகளுக்கு வழக்கமாக 90 நாள்தான் ஆயுள். சர்டிஃபிகேட் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து 2025இல் எடுத்த முடிவின்படி, எந்தச் சர்டிஃபிகேட்டுக்கும் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027இல் 100 நாள், 2029இல் 47 நாள். கையால் டிஎக்ஸ்டியை ஒட்டிக்கொண்டிருந்த காலம் முடிகிறது. ஏபிஐ இல்லாமல் இனி வண்டி ஓடாது.

அந்த ஏபிஐயில்தான் ரெஜிஸ்ட்ரார்கள் வேறுபடுகிறார்கள். கோடாடி 2024இல், பத்து டொமைனாவது, இல்லையென்றால் தனிக் கட்டணச் சந்தாவாவது வைத்திருந்தால்தான் டிஎன்எஸ் ஏபிஐ என்று மாற்றியது. ஒரே டொமைன் வைத்திருந்தவர்களின் ஸ்கிரிப்டுகள் நின்றன. நேம்சீப்பில் இருபது டொமைன், அல்லது கணக்கில் 50 டாலர் இருப்பு, அல்லது இரண்டு வருடத்தில் 50 டாலர் செலவு, இவற்றில் ஒன்று இருந்தால்தான் ஏபிஐ திறக்கும். அதுவும் எந்த ஐபியிலிருந்து அழைப்போம் என்று முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். ஐபி மாறுவதால்தான் ஏபிஐயைத் தேடி வந்தோம், ஐபி மாறாதவருக்குத்தான் ஏபிஐ என்றால் வீட்டுச் சர்வருக்கு அது ஒத்துவராது. எண்ணை மட்டும் மாற்ற அங்கே தனியாக ஒரு டைனமிக் டிஎன்எஸ் வசதி உண்டு, ஆனால் சர்டிஃபிகேட்டுக்கான டிஎக்ஸ்டி பதிவை அதில் போட முடியாது.

கிளவுட்ஃபிளேரின் நிபந்தனை இங்கேதான் வருகிறது. அதனிடம் டொமைன் பதிந்தால் நேம்சர்வரும் அதனுடையதாகத்தான் இருக்க வேண்டும், சாதாரணக் கணக்கில் மாற்ற முடியாது. அதன் டிஎன்எஸ் அருமையானது, ஒரு டொமைனுக்கு மட்டும் செல்லும் டோக்கன் (ஏபிஐக்கான சாவி) தருகிறது. நானே பயன்படுத்துகிறேன். ஆனால் டொமைனை அங்கே பதியவில்லை. பெயர் ஒரு இடம், டிஎன்எஸ் ஒரு இடம், சர்வர் ஒரு இடம் என்று மூன்றையும் பிரித்து வைப்பதுதான் என் வழக்கம். ஒன்றில் கணக்கு முடங்கினாலும் மற்ற இரண்டை வைத்து அன்று மாலைக்குள் எழுந்து நிற்கலாம். வேறு டிஎன்எஸ் வேண்டுமென்றால் பெர்லினில் லாபநோக்கமின்றி நடக்கும் டீசெக் இலவசம், டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக்கோடு வருகிறது.

இப்படிப் பிரித்துவிட்டால் ரெஜிஸ்ட்ராரிடம் கேட்க வேண்டியது சுருங்கிவிடும். நேம்சர்வரை மாற்ற விட வேண்டும், டிஎன்எஸ்செக்குக்கு டிஎஸ் பதிவைச் சேர்க்க விட வேண்டும், ஆதென்டிகேட்டர் ஆப்போடு இரட்டைப் பூட்டு தர வேண்டும். ஏபிஐ சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அதைவிட முக்கியம், ரெஜிஸ்ட்ரார் கணக்கின் ஏபிஐ சாவி வீட்டுச் சர்வரில் இருக்கவே கூடாது. யாராவது சர்வருக்குள் நுழைந்தால் படங்களோடு பெயரும் போய்விடும். டிஎன்எஸ் டோக்கன் மட்டும் போனால் அதை ரத்து செய்து புதிது எடுத்துக்கொள்ளலாம்.

.இன் வாங்கலாமா

தாராளமாக. நிக்ஸி நம் நாட்டு அமைப்பு, உள்ளூர் ரெஜிஸ்ட்ரார்கள் நிறைய, பிரச்சினை வந்தால் ஐஎன்டிஆர்பி என்று இந்தியாவிலேயே தீர்க்கும் முறை இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: .காமில் கிடைக்கும் ப்ராக்ஸி தனியுரிமைச் சேவையை .இன் விதி அனுமதிப்பதில்லை. உண்மைப் பெயர், உண்மை முகவரிதான் கொடுக்க வேண்டும், அடையாள ஆவணம் கேட்பதும் உண்டு. கேட்டு வரும் மெயிலைப் போலி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், ரெஜிஸ்ட்ரார் பக்கத்துக்கு நேராகப் போய்ச் சரிபாருங்கள். .காமிலும் பதிந்த 15 நாளுக்குள் மின்னஞ்சலை உறுதிசெய்யாவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள்.

தமிழிலேயே .இந்தியா என்று முடியும் முகவரியும் நிக்ஸியிடம் இருக்கிறது. ஹலசூரில் தமிழ்ச் சங்கம் பக்கம் போகும்போதெல்லாம் நம் எழுத்தில் ஒரு முகவரி வாங்கிவிட வேண்டும் என்று தோன்றும், ஒன்று வாங்கியும் வைத்திருக்கிறேன். பிரவுசரில் அழகாகத் திறக்கிறது. சில மொபைல் ஆப்புகளில் மட்டும் தமிழ் எழுத்தை ஏற்காமல் அதன் நீண்ட ரோமன் வடிவத்தை ஒட்ட வேண்டியிருக்கிறது. அதனால் குடும்பத்துக்கு .இன், எனக்கு .இந்தியா.

கடை கை மாறும்போது

2023இல் கூகுள் தன் டொமைன் வியாபாரத்தை ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றது. சுமார் ஒரு கோடி டொமைன்கள் உரிமையாளர்களைக் கேட்காமலே இடம் மாறின. 2024 ஜூலையில் அப்படி மாறிய கணக்குகளில் சில, பெரும்பாலும் கிரிப்டோ நிறுவனங்களுடையவை, திருட்டுக் கைக்குப் போயின. நல்ல பெயரோடு இருந்த பிரெஞ்சு ரெஜிஸ்ட்ரார் காண்டி 2023இல் வேறு குழுமத்தோடு இணைந்தது, அத்தோடு இலவச அஞ்சல் பெட்டி போனது, விலையும் ஏறியது. .டிகே, .எம்எல், .ஜிஏ என்று இலவசமாக அள்ளிக் கொடுத்த ஃப்ரீநாம் மேல் மெட்டா வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் அது டொமைன் தொழிலையே விட்டது. அந்த இலவசப் பெயர்களில் வீட்டுச் சர்வர் பழகியவர்கள் நம் ஊரிலும் எத்தனையோ பேர்.

அதனால் நல்ல ரெஜிஸ்ட்ரார் என்றால் யார் என்று கேட்டால், சண்டை போடாமல் நம்மை வெளியே விடுகிறவர் என்று சொல்வேன். வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய உதவிப் பக்கத்தில் வெளியேறும் வழியைத் தேடுங்கள். டொமைன் இடம் மாறாமல் தடுக்கும் பூட்டை நாமே திறந்து, மாற்றத்துக்கு வேண்டிய ரகசியக் குறியீடான ஆத் கோடை நாமே எடுத்துக்கொள்ள முடிந்தால் சரி. ‘கஸ்டமர் கேரை அழையுங்கள்’ என்று இருந்தால் வேறு இடம் பாருங்கள். .காமுக்கு விதிகள் தெளிவு: பதிந்து அறுபது நாள் ஆகும்வரை மாற முடியாது, மாறினால் ஒரு வருடம் கூடுதலாகச் சேரும், ஐந்து நாளுக்குள் முடியும்.

பதிவு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தால், பேரேட்டில் உரிமையாளர் அவர்தான்.

நண்பரின் டொமைனுக்கு அறுபது நாள் முடிந்த அன்று மாலை கம்மனஹள்ளியில் அவர் வீட்டுக்குப் போனேன். 99 ரூபாய்க் கடையில் ஆத் கோடை எடுக்கும் பொத்தான் மூன்று பக்கம் உள்ளே இருந்தது, ஆனால் இருந்தது. புதிய ரெஜிஸ்ட்ராரில் கோடைப் போட்டுப் பணம் கட்டினோம். மாறும்போது ஒரு வருடம்தான் சேரும் என்பதால், ஐந்தாம் நாள் மாற்றம் முடிந்த மெயில் வந்த பிறகு இன்னும் நான்கு வருடம் கட்டினார். ஆர்டிஏபியில் தேதி நகர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூடினார்.

அவர் மனைவி ஒரு கேள்வி கேட்டார். “நாளைக்கு இவர் ஊரில் இல்லாதப்ப இதெல்லாம் நின்னுட்டா நான் யாரைக் கேக்கணும்?” நாங்கள் இருவரும் அதை யோசித்திருக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் ரெஜிஸ்ட்ரார் பெயர், கணக்கின் மின்னஞ்சல், இரட்டைப் பூட்டின் மீட்புக் குறியீடுகள், டிஎன்எஸ் எங்கே இருக்கிறது, காலாவதித் தேதி எல்லாவற்றையும் நண்பர் கையால் எழுதினார். ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் அதைப் போட்டு, அவர் மனைவி பீரோவில் வைத்தார்.